மால்ட்டா போகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐரோப்பா சுற்றுலாவில் மூன்று நாள் மிச்சம் இருக்கிறது, மால்ட்டா போகலாமா என்று கேட்பவர்களும் உண்டு, தேன்நிலவுக்கே அங்கேதான் என்று முடிவு செய்துவிட்டு அப்புறம் என்ன பார்ப்பது என்று கேட்பவர்களும் உண்டு. இரண்டு தரப்புக்கும் சேர்த்து எழுதியது இது. விலைகளும் நேரங்களும் மாறிக்கொண்டே இருக்கும், அதனால் கிளம்பும் முன் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

மால்ட்டா சின்னத் தீவுதானே, ஒரே நாளில் பார்த்துவிட முடியாதா?

முடியாது. எல்லோரும் தடுக்கி விழும் இடம் இதுதான். வரைபடத்தில் பார்த்தால் இத்தாலியின் சிசிலித் தீவுக்குத் தெற்கே ஒரு புள்ளி. கோஸோ, கொமினோ என்கிற குட்டித் தீவுகளையும் சேர்த்து மொத்த நாடும் 316 சதுர கிலோமீட்டர், பெரிய தீவின் நீளமே 27 கிலோமீட்டர்தான். ஆனால் அந்த 27 கிலோமீட்டரில் மக்களும் கார்களும் நெருக்கி அடைத்துக்கொண்டு இருக்கிறார்கள். பத்து கிலோமீட்டர் போக பஸ்ஸில் முக்கால் மணி நேரம் ஆவது சர்வசாதாரணம். தூரத்தை வைத்துத் திட்டம் போடாதீர்கள், அரைநாளுக்கு ஒரு பகுதி என்று போடுங்கள். காலையில் இம்தீனா, மதியம் மர்சஷ்லொக், சாயங்காலம் கோல்டன் பே என்று எழுதி வைத்தீர்களென்றால் அன்றைக்கு நன்றாகப் பார்ப்பது பஸ் ஜன்னலை மட்டும்தான்.

அப்படியானால் எத்தனை நாள் வேண்டும்?

ஐந்து முழு நாள் இருந்தால் திருப்தியாகப் பார்க்கலாம். தலைநகர் வலெட்டாவுக்கும் துறைமுகத்துக்கு எதிரே இருக்கும் மூன்று நகரங்களுக்கும் (பிர்கு, சென்கிலேயா, கொஸ்பிக்குவா) சேர்த்து இரண்டு நாள், இம்தீனாவுக்கும் ரபாத்துக்கும் ஒன்று, கற்காலக் கோயில்களுக்கும் தெற்குக் கரைக்கும் ஒன்று, கோஸோ தீவுக்கு ஒன்று. கோஸோவில் ஓர் இரவு தங்க முடிந்தால் இன்னும் நல்லது. மூன்றே நாள்தான் என்றால் கடற்கரையைக் கழித்துவிடுங்கள். கடல் மத்தியதரைக் கடலோரம் எங்கும் கிடைக்கும், ஐயாயிரம் வருடக் கற்கோயில் கிடைக்காது.

எந்த மாதம் போவது நல்லது?

ஏப்ரல் கடைசி, மே, அப்புறம் செப்டம்பர் பின்பாதி, அக்டோபர். ஜூலை, ஆகஸ்ட்டில் வெயில் 35 டிகிரியைத் தொடும். நம்ம ஊர் வெயில் பார்த்தவர்களுக்கு இதெல்லாம் ஒரு வெயிலா என்று தோன்றும், ஆனால் அங்கே மரம் குறைவு, சுண்ணாம்புக் கல் முழுக்க வெயிலைத் திருப்பி முகத்தில் அடிக்கும், பஸ் நிறுத்தங்கள் பலவற்றில் நிழலே கிடையாது. கூட்டமும் விலையும் உச்சத்தில் இருப்பதும் அந்த இரண்டு மாதம்தான்.

கடலில் குளிக்க ஆசை என்றால் செப்டம்பர்தான் என் ஓட்டு. கோடை முழுக்கச் சூடான கடல் அக்டோபர் வரை அந்தச் சூட்டை வைத்திருக்கும். மே மாதத்தில் வானம் அழகாக இருக்கும், தண்ணீர் குளிரும்.

குளிர்காலத்தில் வெளியே 10 முதல் 16 டிகிரி என்று பார்த்துவிட்டு ஸ்வெட்டர் எதற்கு என்று நினைக்காதீர்கள். பழைய கல் வீடுகளில் வெப்பமூட்டும் வசதி சரியாக இருக்காது, ஈரப்பதமும் அதிகம், வெளியே இருப்பதைவிட அறைக்குள் குளிர் அதிகமாகத் தெரியும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை அறை எடுத்தால், ஏசியில் சூடான காற்று வருமா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

விசா?

இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன் விசா வேண்டும். மால்ட்டா 2004-ல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தது, 2007 கடைசியில் ஷெங்கனில் சேர்ந்தது, 2008-லிருந்து யூரோ. ஆகவே பிரான்ஸ் அல்லது ஜெர்மனி கொடுத்த செல்லுபடியாகும் ஷெங்கன் விசா கையில் இருந்தால் அதிலேயே மால்ட்டா போகலாம், தனி விசா கிடையாது. எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். எல்லா இடத்திலும் சம நாள் என்றால் முதலில் இறங்கும் நாட்டிடம். கட்டணம் 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்கு 90 யூரோ, விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு கட்டாயம். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுத்திருக்க வேண்டும். அந்தக் குறைந்தபட்சத்தை நம்பி உட்காராதீர்கள், கோடையில் விண்ணப்ப மையத்தில் நேரம் கிடைப்பதே கஷ்டம்.

சிங்கப்பூர், மலேசியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு 180 நாளில் 90 நாள் வரை விசா தேவையில்லை.

சென்னையிலிருந்தோ கொழும்பிலிருந்தோ நேரடி விமானம் உண்டா?

இல்லை. இஸ்தான்புல், துபாய், தோஹா அல்லது ஏதாவது ஓர் ஐரோப்பிய நகரம் வழியாக மாறித்தான் போக வேண்டும். நாட்டில் ஒரே விமான நிலையம், லூக்காவில் இருக்கிறது, எந்த ஊருக்கும் அங்கிருந்து ரொம்ப தூரம் இல்லை. ஏற்கெனவே ஐரோப்பாவில் இருப்பவர்களுக்கு மலிவு விமானங்கள் நிறைய, ஆனால் கைப்பை அளவில் அவர்கள் காட்டும் கறார் உங்களுக்குத் தெரியும்.

எந்த ஊரில் தங்கலாம்? செயின்ட் ஜூலியன்ஸில் ஹோட்டல் மலிவாக இருக்கிறதே?

யார் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. செயின்ட் ஜூலியன்ஸுக்குள் பாச்சவில் என்று ஒரு பகுதி இருக்கிறது, இரவு முழுக்கப் பாட்டும் குடியும்தான். இருபது வயதில் நண்பர்களோடு போனால் அது சொர்க்கம். அம்மா அப்பாவோடு போய் அங்கே அறை எடுத்தால் காலை நாலு மணி வரை யாரும் தூங்க முடியாது. மலிவாக இருக்கிறதே என்று பதிவு செய்யும் முன் பாச்சவிலிலிருந்து எவ்வளவு தள்ளி என்று வரைபடத்தில் அளந்து பாருங்கள்.

வரலாறு பார்க்கத்தான் போகிறேன் என்பவர்களுக்கு வலெட்டா. பெரும்பாலான பஸ்கள் அதன் வாசலிலிருந்துதான் கிளம்புகின்றன, படகுத்துறைகளும் அங்கேயே. இரவு எட்டு மணிக்கு மேல் பகல் கூட்டம் கலைந்த பிறகு அந்தத் தெருக்களில் நடக்க, அங்கே தங்குபவர்களுக்குத்தான் கொடுத்து வைத்திருக்கிறது. விலை கொஞ்சம் அதிகம், பழைய கட்டடங்களில் லிஃப்ட் இருக்காது, நாலாவது மாடி என்றால் நாலு மாடியும் பெட்டியோடு ஏற வேண்டும், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டுக்கும் நடுவில் ஸ்லீமா இருக்கிறது. கடலோர நடைபாதை, கடைகள், எதிரே வலெட்டாவுக்குப் பத்து நிமிடத்தில் படகு. குடும்பத்துக்கு வசதி. இன்னும் அமைதி வேண்டும் என்றால் பிர்கு, சென்கிலேயா பக்கம் பாருங்கள். அங்கே தங்கினால் தினமும் பெரிய துறைமுகத்தைப் படகில் கடந்து வலெட்டாவுக்குப் போகலாம். என்னைக் கேட்டால் அதுவே ஒரு சுற்றுலா. வடக்கே புஜிபா, கவ்ரா பகுதியில் மலிவான பெரிய ஹோட்டல்கள் உண்டு, ஆனால் எங்கே போகவும் பஸ்ஸில் ஒரு மணி நேரம் கழிந்துவிடும்.

பஸ் போதுமா, கார் எடுக்கணுமா?

வாகனம் இடதுபக்கம்தான் ஓடுகிறது, 1964 வரை பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்ததன் மிச்சம் அது. அதனால் நமக்குக் கார் ஓட்டுவது பழக்கமானதுதான் என்று பலர் எடுத்துவிடுகிறார்கள். ஓட்டுவது பிரச்சினையே இல்லை, நிறுத்துவதுதான் பிரச்சினை. வலெட்டாவுக்குள் காரோடு நுழைந்தால் கேமரா பார்த்துக் கட்டணம் போடும், நிறுத்த இடமும் கிடைக்காது. ஸ்லீமாவில் இடம் தேடிச் சுற்றும் நேரத்தில் நடந்தே போய் வந்துவிடலாம். கோஸோவில் மட்டும் கார் நிஜமாகவே பயன்படும். அங்கே போய் ஒரு நாளைக்கு வாடகைக்கு எடுங்கள்.

பெரிய தீவுக்கு பஸ் போதும். டிக்கெட் கோடையில் இரண்டரை யூரோ அளவு, இரண்டு மணி நேரத்துக்குள் எத்தனை பஸ் வேண்டுமானாலும் மாறலாம். ஏறும்போது வங்கிக் கார்டைத் தொட்டாலே போதும். ஒரு வாரம் தங்குபவர்களுக்கு ஏழு நாள் எல்லையில்லாப் பயணக் கார்டு இருக்கிறது, விமான நிலையத்திலேயே வாங்கிவிடலாம்.

பஸ்ஸைப் பற்றி இரண்டு விஷயம் யாரும் சொல்வதில்லை. ஒன்று, நிறுத்தத்தில் நின்றால் மட்டும் பஸ் நிற்காது, கை நீட்ட வேண்டும். இரண்டு, நிறைந்துவிட்டால் நிற்காமலே போய்விடும், கோடையில் நடு வழி நிறுத்தங்களில் மூன்று பஸ் அப்படிப் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும். முடிந்தவரை கிளம்புகிற இடத்திலேயே ஏறிவிடுங்கள். விமானத்தைப் பிடிக்கப் போகும்போது மட்டும் பஸ்ஸை நம்பாமல் செயலியில் வண்டி கூப்பிட்டுக்கொள்வது நிம்மதி, போல்ட், ஊபர் இரண்டும் ஓடுகின்றன.

ஊர்ப் பெயர்களைப் படிக்கவே முடியவில்லையே?

மால்ட்டா மொழி அரபு வழி வந்தது, எழுதுவது மட்டும் ரோமன் எழுத்தில். எக்ஸ் எழுத்தைப் பார்த்தால் 'ஷ்' என்று சொல்லுங்கள், அதனால்தான் மர்சஷ்லொக். பேச்சுக்கு ஆங்கிலம் எங்கும் போதும், அதுவும் ஆட்சிமொழிதான்.

அதைவிட முக்கியம், ஒரே பெயரில் இரண்டு ஊர்கள். இம்தீனாவை ஒட்டி ஒரு ரபாத், கோஸோவின் தலைநகருக்கும் உள்ளூர்க்காரர்கள் சொல்லும் பெயர் ரபாத் (விக்டோரியா என்று பலகையில் இருக்கும்). பெரிய தீவின் உள்ளே ஓர் இம்ஜார் கிராமம், கோஸோவின் துறைமுகமும் இம்ஜார். புளூ லகூன் கொமினோ தீவில், புளூ குரோட்டோ தெற்குக் கரையில். வரைபடச் செயலியில் வழி போடும்போது எந்தத் தீவு என்று ஒருமுறை பார்த்துவிட்டு ஏறுங்கள்.

ஹைபோஜியம் என்கிறார்களே, அதற்கு இவ்வளவு அலப்பறை ஏன்?

அலப்பறைக்கு அர்த்தம் இருக்கிறது. பாவ்லா என்கிற ஊரில் ஒரு சாதாரணக் குடியிருப்புத் தெருவுக்குக் கீழே, பாறையைக் குடைந்து மூன்று அடுக்காக ஒரு நிலத்தடிக் கல்லறை. கிமு 4000 முதல் 2500 வரை பயன்பாட்டில் இருந்தது. ஏறக்குறைய ஏழாயிரம் பேரின் எச்சங்கள் அங்கே இருந்திருக்கும் என்று கணக்கிடுகிறார்கள். 1902-ல் வீடு கட்டுவதற்காகத் தண்ணீர்த் தொட்டி வெட்டியவர்கள் தற்செயலாக மேற்கூரையை உடைத்துக்கொண்டு உள்ளே போனார்கள், அப்படித்தான் தெரியவந்தது. உலோகக் கருவி இல்லாத காலத்தில், மேலே கட்டும் கோயிலின் வாசலையும் கூரை வளைவையும் கீழே பாறையில் அப்படியே செதுக்கியிருக்கிறார்கள். சிவப்புக் காவியில் தீட்டிய சுருள் ஓவியங்கள் இன்னும் தெரிகின்றன.

மூச்சுக்காற்றின் ஈரமும் கரியமில வாயுவும் அந்த ஓவியங்களை அழித்துவிடும் என்பதால் ஒரு குழுவுக்குப் பத்துப் பேர், ஒரு நாளைக்கு எண்பது பேர் அளவில்தான் விடுகிறார்கள். ஆகவே விமான டிக்கெட் போட்ட அன்றைக்கே இதற்கும் போட்டுவிடுங்கள். கோடைக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே தீர்ந்துவிடும். ஹெரிட்டேஜ் மால்ட்டா என்கிற அரசு நிறுவனத்தின் தளத்தில்தான் விற்பனை. கிடைக்கவில்லை என்றால், மறுநாளைக்கான சில டிக்கெட்டுகளைக் கூடுதல் விலையில் வலெட்டாவின் செயின்ட் எல்மோ கோட்டையிலும் கோஸோ தொல்லியல் அருங்காட்சியகத்திலும் முந்தைய நாள் நேரில் கொடுப்பது வழக்கம், காலையில் திறக்கும் முன்பே போய் வரிசையில் நிற்க வேண்டும். உள்ளே படம் எடுக்க அனுமதி இல்லை. ஆறு வயதுக்குக் கீழே குழந்தைகளை விடமாட்டார்கள். தாமதமாகப் போனால் உங்களுக்காகக் காத்திருக்கவும் மாட்டார்கள்.

டிக்கெட் கிடைக்கவே இல்லை. வேறு எதைப் பார்க்கலாம்?

மனம் தளர வேண்டாம். தெற்குக் கரையில் கடலைப் பார்த்தபடி ஹாஜர் இம், அதிலிருந்து கீழே இறங்கி நடந்தால் இம்னைத்ரா. இரண்டும் எகிப்தின் பிரமிடுகளுக்கு முந்தியவை. இம்னைத்ராவின் கீழ்க் கோயிலில் பகலும் இரவும் சமமாக இருக்கும் நாளன்று உதிக்கும் சூரியனின் ஒளி நேராக நடு வாசல் வழியே உள்ளே பாயும்படி கட்டியிருக்கிறார்கள். கல் தேயாமல் இருக்க இரண்டுக்கும் மேலே பெரிய வெள்ளைக் கூடாரம் போட்டிருக்கிறார்கள், படத்துக்கு அழகில்லைதான், வெயிலில் நிற்பவனுக்கு வரம். அங்கிருந்து புளூ குரோட்டோ பக்கத்தில்தான், காலை வெளிச்சத்தில் படகில் போனால் குகைக்குள் தண்ணீரின் நீலம் நம்ப முடியாததாக இருக்கும். கடல் கொந்தளிப்பாக இருந்தால் படகு விடமாட்டார்கள்.

ஹைபோஜியத்தில் கிடைத்த உறங்கும் பெண்ணின் களிமண் சிலை வலெட்டா தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உள்ளங்கை அளவுதான், தனி இருட்டறையில் வைத்திருக்கிறார்கள். கோயில்களைப் பார்க்கும் முன் இந்த அருங்காட்சியகத்தைப் பார்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் கற்குவியலாகத்தான் தெரியும்.

வலெட்டாவில் தவறவிடக் கூடாதது?

செயின்ட் ஜான் பேராலயம். வெளியே பார்த்தால் ராணுவக் கிடங்கு மாதிரி மொட்டையாக இருக்கும், உள்ளே கால் வைத்ததும் தங்கம். தரை முழுக்க, ஒருகாலத்தில் தீவை ஆண்ட செயின்ட் ஜான் வீரர்கள் என்கிற கிறிஸ்தவப் போர்வீரர் சபையினரின் பளிங்குக் கல்லறைகள், ஏறக்குறைய நானூறு, எலும்புக்கூடும் மணல்கடிகாரமும் வண்ணக் கற்களில் பதித்திருக்கும். அந்தத் தரையைக் காப்பாற்றத்தான் கூர்மையான ஹீல்ஸ் செருப்புக்கு அனுமதி இல்லை.

அங்கே இத்தாலிய ஓவியர் கரவாஜியோவின் 'புனித யோவானின் தலை கொய்யப்படுதல்' இருக்கிறது, 1608-ல் வரைந்தது. அவர் வரைந்ததிலேயே பெரிய ஓவியம், அவர் கையெழுத்திட்ட ஒரே ஓவியமும் அதுதான். கையெழுத்தை எங்கே போட்டிருக்கிறார் என்று பாருங்கள், யோவானின் கழுத்திலிருந்து வழியும் ரத்தத்தில். ரோமில் ஒருவரைக் கொன்றுவிட்டுத் தப்பி வந்தவர், மால்ட்டாவில் அந்தச் சபையின் வீரர் பட்டமும் வாங்கி, அதே வருடம் சண்டை போட்டுச் சிறைக்குப் போய், அங்கிருந்தும் தப்பியோடினார். கூட்டம் குறைவான நேரம் பார்த்துப் போய் ஓவியத்துக்கு எதிரே உட்காருங்கள். ஞாயிற்றுக்கிழமை சுற்றுலாப் பயணிகளுக்குத் திறப்பதில்லை, திட்டம் போடும்போது இதை மறந்து ஏமாறுபவர்கள் நிறைய.

அப்புறம் மேல் பரக்கா தோட்டம். அங்கே நின்றால் மொத்தத் துறைமுகமும் காலடியில். தினமும் பகல் 12 மணிக்கும் 4 மணிக்கும் கீழே பீரங்கி வெடிப்பார்கள். தோட்டத்தில் நின்று பார்க்கக் காசு கிடையாது.

எதிரே தெரியும் மூன்று நகரங்களுக்குப் போகத்தான் வேண்டுமா?

பாதிப் பேர் போவதில்லை. அவர்களுக்குத்தான் நஷ்டம். வலெட்டா என்கிற ஊரே அங்கிருந்துதான் பிறந்தது. 1530-ல் மால்ட்டாவுக்கு வந்த செயின்ட் ஜான் வீரர்கள் முதலில் குடியேறியது பிர்குவில். 1565-ல் உதுமானிய (துருக்கி) படை பெரும் கப்பல்கூட்டத்தோடு வந்து முற்றுகை போட்டது. எதிர்க்கரை முனையில் இருந்த செயின்ட் எல்மோ கோட்டையை முதலில் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டார்கள், அந்தச் சின்னக் கோட்டை ஏறக்குறைய ஒரு மாதம் தாக்குப்பிடித்து ஜூன் 23-ல்தான் விழுந்தது. அந்த ஒரு மாதம்தான் தீவைக் காப்பாற்றியது என்று சொல்லலாம், செப்டம்பரில் சிசிலியிலிருந்து உதவிப் படை வந்ததும் முற்றுகை கலைந்தது. மறுவருடமே, இனி இப்படி ஒரு நிலை வரக்கூடாது என்று, கோட்டைக்குப் பின்னால் வெறுமையாகக் கிடந்த குன்றின் மேல் வீரர்களின் தலைவர் லா வலெட் புதிய நகரத்துக்கு அடிக்கல் போட்டார், அதுதான் வலெட்டா.

பிர்குவில் நின்று எதிர்க்கரையைப் பார்த்தால் இந்தக் கதை புத்தகம் இல்லாமலே புரிந்துவிடும். செயின்ட் ஏஞ்சலோ கோட்டையும் மத விசாரணை மன்ற மாளிகையும் அங்கே பார்க்க வேண்டியவை. போகும்போது படகுச் சேவையில் போங்கள், வரும்போது தைசா என்கிற சின்னப் பாரம்பரியப் படகில் வாருங்கள். ஆளுக்குச் சில யூரோதான், ஏறும் முன் எவ்வளவு என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இம்தீனாவுக்கு எப்போது போகலாம்?

சாயங்காலம். வலெட்டாவுக்கு முந்திய தலைநகரம் அது, மதில் சூழ்ந்த சின்ன ஊர், வண்டிகளுக்குக் கட்டுப்பாடு. காலை பதினொன்றுக்குப் போனால் சுற்றுலாக் குழுக்கள் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு நகரும். ஆகவே பகலில் மதிலுக்கு வெளியே ரபாத்தில் செயின்ட் பால் நிலத்தடிக் கல்லறைகளைப் பாருங்கள், அவை சீக்கிரம் மூடிவிடும். அப்புறம் ஐந்து மணிக்கு மேல் இம்தீனாவுக்குள் நுழையுங்கள். போகும் வழியில் மோஸ்டா வட்டக்கூரைத் தேவாலயம். 1942 ஏப்ரல் 9 அன்று உள்ளே நூற்றுக்கணக்கானோர் கூடியிருந்தபோது கூரையைத் துளைத்து விழுந்த ஜெர்மன் குண்டு வெடிக்கவில்லை. அங்கே வைத்திருப்பது அதன் மாதிரி.

கோஸோவுக்கு எப்படிப் போவது?

இரண்டு வழி. வலெட்டாவிலிருந்து வேகப் படகு, முக்கால் மணி நேரம், கார் ஏறாது. அல்லது பஸ்ஸில் வடமுனையான சிர்கெவ்வாவுக்குப் போய் அங்கிருந்து பெரிய கப்பல், 25 நிமிடம். கப்பலுக்குப் போகும்போது டிக்கெட்டே கேட்கமாட்டார்கள், திரும்பி வரும்போதுதான் 4.65 யூரோ. வலெட்டாவிலிருந்து சிர்கெவ்வாவுக்கு 41, 42 பஸ்கள், ஒன்றரை மணி நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

போனால் ஷாரா ஊரில் ஜிகான்தியா கோயில், ரபாத்தின் கோட்டை, வடகரையில் பாறையில் வெட்டிய உப்புப் பாத்திகள், செம்மணல் ராம்லா கடற்கரை. கோட்டைச் சுவரில் நின்று பார்க்கும்போது ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள், 1551-ல் உதுமானியப் படையும் கடற்கொள்ளையர்களும் வந்து இந்தத் தீவின் மக்களில் பெரும்பாலோரை, ஏறக்குறைய ஐயாயிரம் பேரை, அடிமைகளாகப் பிடித்துப் போனார்கள். தீவு திரும்ப நிறைய வெகுகாலம் ஆனது.

இன்னொன்று, பழைய படங்களில் வரும் அந்தப் பிரம்மாண்டமான கல் வளைவு, அஸ்யூர் விண்டோ, இப்போது இல்லை. 2017 மார்ச் 8-ல் புயலில் இடிந்து கடலுக்குள் போய்விட்டது. இன்னும் அந்தப் படத்தைப் போட்டுச் சுற்றுலா விற்பவர்கள் இருக்கிறார்கள்.

கொமினோவின் புளூ லகூன்? படத்தில் பார்த்தால் அவ்வளவு அழகு!

தண்ணீர் அழகுதான், அதில் பொய் இல்லை. கோடைப் பகலில் அந்தத் தண்ணீரைச் சுற்றி இருக்கும் கூட்டம் படத்தில் வருவதில்லை. நெரிசலைக் குறைக்க 2025-லிருந்து இணையத்தில் இலவசமாக நேரம் முன்பதிவு செய்துவிட்டுத்தான் இறங்க வேண்டும் என்று ஆக்கியிருக்கிறார்கள். போவதென்றால் முதல் படகில் போங்கள், அல்லது மே, அக்டோபரில். ஆகஸ்ட்டில் போகாதீர்கள்.

குளிக்க வேறு எங்கே போகலாம்?

மணல் வேண்டும் என்றால் வடக்கில் மெல்லீஹா, ஆழம் குறைவு, குழந்தைகளுக்கு ஏற்றது. கோல்டன் பே, ஐன் துஃபீஹா இரண்டும் அழகு, ஆனால் அலை இருக்கும் நாளில் உள்ளிழுக்கும் நீரோட்டம் உண்டு, சிவப்புக் கொடி பறந்தால் இறங்காதீர்கள். ஊதாக் கொடி என்றால் ஜெல்லி மீன். மற்ற இடங்கள் பெரும்பாலும் பாறைதான், ஏணி வழியாக நேரே ஆழத்தில் இறங்க வேண்டும், நீச்சல் தெரியாதவர்கள் விளையாட்டுக்குக்கூட முயற்சி செய்ய வேண்டாம். ரப்பர் காலணி ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் சுத்த சைவம். பட்டினிதானா?

பட்டினி இல்லை, கொஞ்சம் விசாரிக்க வேண்டும். மால்ட்டாவின் தெருத் தின்பண்டம் பஸ்தித்சி, மடிப்பு மடிப்பான மொறுமொறு மாவுக்குள் ரிக்கோட்டா பாலாடைக்கட்டி அல்லது பட்டாணி மசியல். பட்டாணி வகையில் லேசாக மசாலா வாசம் வரும், சூடாகச் சாப்பிட்டால் நம்ம நாக்குக்கு உடனே பிடித்துவிடும். விலையும் மலிவு, இரண்டு சாப்பிட்டால் ஒரு வேளை ஓடிவிடும். ஒரே எச்சரிக்கை, சிலர் மாவுக்குப் பன்றிக் கொழுப்பு சேர்ப்பதுண்டு, அதைக் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

ஃப்தீரா என்கிற தட்டை ரொட்டியில் தக்காளி, ஆலிவ், கேப்பர் (ஊறவைத்த சிறு பூமொட்டு) வைத்துத் தருவார்கள், சூரை மீனும் கூடவே வரும், மீன் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லுங்கள். பிகில்லா என்பது மொச்சை இனத்து அவரையைப் பூண்டோடு அரைத்த துவையல். கப்புனாத்தா, கத்தரிக்காய்க் கூட்டு. கோஸோவின் ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி ஜ்பைனியெத். ரபாத், வலெட்டா தெருமுனைகளில் பொரித்துத் தரும் பேரீச்சைப் பலகாரம் இம்அரெத். சூப் வாங்கும்போது மட்டும் ஜாக்கிரதை, காய்கறி சூப் என்று எழுதியிருந்தாலும் இறைச்சிச் சாறு இருக்கலாம்.

அசைவம் சாப்பிடுபவர்களுக்கு அவர்களின் பெருமை முயல் கறி, பூண்டும் வைனும் போட்டு நெடுநேரம் வேகவைத்தது. மீனுக்கு மர்சஷ்லொக். ஞாயிறு காலைச் சந்தையில் பாதி இப்போது பொம்மையும் துணியும்தான், ஆனாலும் முனையில் கண் வரைந்த அந்த வண்ணப் படகுகளுக்காகவே போகலாம். வார நாளில் போனால் நிம்மதியாக உட்கார்ந்து சாப்பிடலாம்.

சோறு இல்லாமல் இருக்க முடியாது என்பவர்களுக்கும் வழி இருக்கிறது. கடந்த சில வருடங்களில் இந்தியாவிலிருந்து, முக்கியமாகக் கேரளத்திலிருந்து, வேலைக்குப் போனவர்கள் அதிகம், அவர்களோடு சாப்பாட்டுக் கடைகளும் பலசரக்குக் கடைகளும் வந்துவிட்டன.

குழாய்த் தண்ணீர் குடிக்கலாமா?

குடிக்கலாம், பாதுகாப்பானதுதான். தீவில் ஆறே கிடையாது, பெரும்பகுதி கடல்நீரைச் சுத்திகரித்து வருவது, அதனால் சுவை பிடிக்காது. டீ போடும்போது தெரிந்துவிடும். புட்டித் தண்ணீர் வாங்கினால் புட்டிக்குப் பத்து சென்ட் முன்பணம் சேர்த்து வாங்குவார்கள், காலிப் புட்டியைக் கடை வாசலில் உள்ள இயந்திரத்தில் போட்டால் திரும்பக் கிடைக்கும். நசுக்கிவிட்டால் இயந்திரம் ஏற்காது.

பணம், பிளக், போன்?

கார்டு எங்கும் செல்லும், பஸ்தித்சிக் கடைக்கும் தைசாவுக்கும் மட்டும் சில்லறை வைத்திருங்கள். பிளக் பிரிட்டிஷ் மாதிரி, மூன்று சதுர முள். சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து வருபவர்களுக்குப் பிரச்சினை இல்லை, இந்தியாவிலிருந்து வருபவர்கள் அடாப்டர் எடுத்து வாருங்கள். ஐரோப்பாவுக்கென்று வாங்கிய இரட்டை உருண்டை முள் அடாப்டர் இங்கே நுழையாது, அதில்தான் பலர் மாட்டுகிறார்கள். மற்ற ஐரோப்பிய நாட்டில் வாங்கிய சிம், ஐரோப்பிய ஒன்றிய ரோமிங் உள்ள திட்டமாக இருந்தால் இங்கேயும் வேலை செய்யும்.

வயதான பெற்றோரை அழைத்துப் போகலாமா?

போகலாம், ஆனால் வலெட்டாவின் குறுக்குத் தெருக்கள் படிக்கட்டுகள்தான். முக்கியமான ரிபப்ளிக் தெரு சமதளம், அதை முதுகெலும்பாக வைத்துத் திட்டம் போடுங்கள். படகுத்துறையிலிருந்து மேல் பரக்காவுக்கு 58 மீட்டர் ஏற்றும் லிஃப்ட் இருக்கிறது, முழங்கால் வலி உள்ளவர்களுக்கு அது பெரிய உதவி. தேய்ந்த சுண்ணாம்புக் கல் நடைபாதை மழை பெய்தால் வழுக்கும், நல்ல பிடிப்புள்ள செருப்பு அவசியம்.

உடைக்குக் கட்டுப்பாடு உண்டா?

தேவாலயத்துக்குள் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். ஒரு துப்பட்டா பையில் இருந்தால் போதும்.

காலை எட்டு மணிக்கே வெடிச் சத்தம் கேட்கிறது, பயப்பட வேண்டுமா?

வேண்டாம், திருவிழா. மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை ஒவ்வொரு ஊரும் தன் புனிதருக்கு ஃபெஸ்தா எடுக்கும். வாத்தியக் குழு, தெரு முழுக்கத் தோரணம், இரவில் வாணவேடிக்கை, பக்கத்து ஊரைவிட நம்ம ஊர் வெடி பெரிசாக இருக்க வேண்டும் என்கிற போட்டி. நமக்கு இதில் எதுவும் புதிதில்லை. தங்கும் வாரத்தில் எந்த ஊரில் ஃபெஸ்தா என்று விடுதிக்காரரிடம் கேட்டு ஒரு சாயங்காலம் போய் வாருங்கள். ஆகஸ்ட் 15 அன்று பல ஊர்களில் ஒரே நேரத்தில் நடக்கும், அன்றைக்குக் கடை, பஸ் எல்லாம் விடுமுறை நாள் கணக்குத்தான்.

அங்கிருந்து சிசிலி போய் வரலாமா?

வலெட்டாவிலிருந்து சிசிலியின் பொட்சாலோவுக்கு வேகக் கப்பல் இருக்கிறது, ஒன்றே முக்கால் மணி நேரம். இரண்டுமே ஷெங்கன், தனி விசா வேண்டாம், பாஸ்போர்ட் மட்டும் கையில் இருக்கட்டும். கடல் ஒத்துக்கொள்ளாதவர்கள் மாத்திரை போட்டுக்கொண்டு ஏறுங்கள். காலையில் போய் இரவில் திரும்பும் எட்னா எரிமலைச் சுற்றுலாக்களை விற்பார்கள், பாதி நாள் பஸ்ஸிலேயே போய்விடும், இரண்டு இரவு தங்க முடிந்தால் மட்டும் போங்கள்.

திரும்பும்போது என்ன வாங்கலாம்?

கோஸோ கடலுப்பு, கேப்பர், கரோப் பழப் பாகு, மெல்லிய கம்பியில் பின்னிய வெள்ளி நகை, இம்தீனா கண்ணாடிப் பொருள்கள். நகையும் கண்ணாடியும் வாங்க இம்தீனாவை ஒட்டிய தாஅலி கைவினைக் கிராமத்தில் செய்யும் இடத்திலேயே பார்த்து வாங்கலாம். பாகும் தேனும் திரவக் கணக்கில் வரும், கைப்பையில் வைத்தால் விமான நிலையத்தில் எடுத்துப் போட்டுவிடுவார்கள். பெரிய பெட்டி இல்லாமல் வந்தவர்கள் உப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள்.